கொலஸ்ட்ரால் கூடுதல் என்று ரிப்போர்ட் வந்துவிட்டதா? அடுத்த மூன்று மாதம் என்ன செய்வது

ஆபீஸ் மெடிக்கல் செக்கப்பிலோ, வேறு எதற்கோ ரத்தம் கொடுத்தபோது கூடவே எடுத்த பேக்கேஜிலோ கொலஸ்ட்ரால் அதிகம் என்று வந்தால் முதல் இரண்டு நாள் பயமும் மூன்றாம் நாளிலிருந்து குழப்பமும் வரும். எனக்கு வந்தபோது வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். முட்டையை விடு என்றார் ஒருவர், வெறும் வயிற்றில் பூண்டு மெல்லு என்றார் இன்னொருவர், செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு மாறச் சொல்லி வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது, டாக்டரோ "எண்ணெயைக் குறைங்க, நடங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். எதை, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. பலரிடம் கேட்டு, படித்து, செய்து பார்த்து ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர எனக்கு நிறைய நாள் பிடித்தது. நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் இந்த உணவையும் நடையையும் மாத்திரையோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும், மாத்திரைக்குப் பதிலாக இல்லை. மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்றால் இந்தக் கட்டுரையை அப்புறம் படியுங்கள், முதலில் இதய டாக்டரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை என்றால் உடனே 108. கேஸ் பிடித்திருக்கும் என்று சோடா குடித்துப் பார்ப்பதில்தான் பொன்னான நேரம் போகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலாகவும் வரலாம். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் இருக்கிறது. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்.

1. ரிப்போர்ட்டில் எந்த எண் ஏறியிருக்கிறது என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் சமையலறையில் எதையும் மாற்றாதீர்கள். லிப்பிட் புரொஃபைல் என்ற பக்கத்தில் நான்கு எண்கள் முக்கியம்: மொத்தக் கொலஸ்ட்ரால், எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால் என்பார்கள்), எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்), டிரைகிளிசரைடு. எல்லோரும் மொத்தத்தைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ரத்தக் குழாய்ச் சுவரில் படிந்து அடைப்பை உண்டாக்குவது எல்.டி.எல். டிரைகிளிசரைடு என்பது வேறு வகைக் கொழுப்பு, அது ஏறுவதற்கான காரணமும் இறங்குவதற்கான வழியும் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் எண்ணெயைச் சுத்தமாக நிறுத்திவிட்டு மூன்று வேளையும் சோறும் இட்லியுமாகச் சாப்பிட்டு, மறுபடி டெஸ்ட் எடுத்து, "குறையவே இல்லையே" என்று மனம் உடைந்துபோகிறார்கள்.

ஒரு உதாரணம். மொத்தம் 238, எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 210 என்று வைத்துக்கொள்வோம். டிரைகிளிசரைடை 5 ஆல் வகுத்தால் 42. மொத்தத்திலிருந்து 38ஐயும் 42ஐயும் கழித்தால் எல்.டி.எல். 158. பல லேப்கள் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் எல்.டி.எல். எழுதுகின்றன. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்தால் வருகிற 200க்கு 'நான் எச்.டி.எல்.' என்று பெயர், கெட்ட கொழுப்பு எல்லாம் சேர்ந்த கணக்கு அது. டிரைகிளிசரைடு 400க்கு மேல் போனால் இந்த வகுத்தல் கணக்கு சரியாக வராது, அப்போது நேரடி எல்.டி.எல். டெஸ்ட் கேளுங்கள்.

எவ்வளவு இருக்க வேண்டும்? இந்திய இதயவியல் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரிய ஆபத்துக் காரணிகள் இல்லாதவருக்கு எல்.டி.எல். 100க்குக் கீழே. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாதிரி உள்ள அதிக ஆபத்துக்காரர்களுக்கு 70க்குக் கீழே. ஏற்கெனவே இதய நோய் வந்தவர்களுக்கு 55க்குக் கீழே. இங்கேதான் பெரிய பொறி: லேப் எல்லோருக்கும் ஒரே 'நார்மல்' அளவைத்தான் அச்சடிக்கும். சர்க்கரை உள்ள ஒருவருக்கு எல்.டி.எல். 110 என்று வந்தால் சில லேப் ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து எதுவும் இருக்காது, நிம்மதியாக ஃபைலை மூடிவிடுவார். அவருடைய இலக்கு 70.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. கடும் காய்ச்சல், ஆபரேஷன் முடிந்த சமயத்தில் எடுத்த எண்ணை நம்ப வேண்டாம், எல்.டி.எல். தற்காலிகமாக இறங்கித் தெரியும். பட்டினி இருக்க வேண்டுமா என்று கேட்டால், முதல் சோதனைக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் டிரைகிளிசரைடு நிறைய ஏறியிருந்தால் 9 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

2. டாக்டரிடம் போகும் முன் ஒரு ஃபைல் போடுங்கள்

டாக்டர் உங்களுக்கு ஒதுக்கும் நேரம் குறைவு. கேட்டதற்கெல்லாம் கையில் காகிதம் இருந்தால் அந்த நேரம் உருப்படியாகப் போகும்.

பழைய ரத்தப் பரிசோதனைகள் எத்தனை வருடத்துக்கு முந்தியதாக இருந்தாலும் அவற்றின் பிரிண்ட் (லேப் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிடிஎஃப் போன் மாற்றும்போது தொலைந்துவிடும்). வேறு வேறு நாளில் எடுத்த பி.பி. அளவுகள். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் நம் உடல்வாகுக்கு அது அதிகம். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், நாட்டு மருந்தும் ஜிம் பவுடரும் உட்பட. அப்புறம் குடும்ப விவரம்: அப்பா அல்லது சகோதரருக்கு 55 வயதுக்கு முன், அம்மா அல்லது சகோதரிக்கு 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்ததா என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரி டாக்டரின் முடிவையே மாற்றும்.

கூடவே எடுக்க வேண்டிய டெஸ்ட்கள்: எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), டி.எஸ்.எச். (தைராய்டு), கிரியாட்டினின் (சிறுநீரகம்), எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல்). தைராய்டு குறைவாக இருந்தாலே எல்.டி.எல். ஏறும், தைராய்டைச் சரிசெய்தால் அதுவும் இறங்கும், இதைப் பார்க்காமல் வருடக்கணக்கில் பத்தியம் இருப்பவர்கள் உண்டு. லிப்போபுரோட்டீன் (ஏ) என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, பெரும்பாலும் பரம்பரையாக வருவது, உணவால் குறையாது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். அது 50 மி.கி./டெ.லி.க்கு மேல் இருந்தால் மற்ற எல்லாவற்றிலும் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

செலவு: லிப்பிட் புரொஃபைல் மட்டும் என்றால் தனியார் லேபில் சில நூறு ரூபாயில் முடியும். அரசு மருத்துவமனைகளில் இலவசம், தொற்றா நோய்ப் பிரிவு எது என்று ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் கேளுங்கள், ஆதாரும் பழைய சீட்டும் கையில் இருக்கட்டும். எழுபது எண்பது டெஸ்ட் சேர்த்த 'ஃபுல் பாடி' பேக்கேஜ் வாங்க வேண்டியதில்லை.

எல்.டி.எல். 190 அல்லது அதற்கு மேல் இருந்தால் மூன்று மாதம் உணவில் பார்க்கிறேன் என்று தள்ளிப்போடாதீர்கள். பரம்பரைக் கோளாறாக இருக்கலாம், ஒல்லியாக இருப்பவர்களுக்கும் சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் வரும். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் தடிப்பு, கண்ணிமை ஓரத்தில் மஞ்சள் படிவு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

3. எல்.டி.எல். ஏறியிருந்தால்: கொழுப்பின் வகையை மாற்றுங்கள்

எல்.டி.எல்.லை ஏற்றுவதில் முதல் இடம் நிறைவுற்ற கொழுப்புக்கு (பாக்கெட்டில் 'சாச்சுரேட்டட் ஃபேட்' என்று போட்டிருப்பது). முட்டையில் இருக்கும் கொலஸ்ட்ராலைவிட இதுதான் பெரிய விஷயம். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 13 முதல் 15 கிராம்தான் கணக்கு. அது எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று நம் வீட்டுச் சமையலில் தேடிப் பாருங்கள்.

பால். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீல பாக்கெட்டில் 3. அரை லிட்டர் ஆரஞ்சுப் பாலில் கொழுப்பு சுமார் 30 கிராம், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்றது. காப்பி, டீ, தயிர் என்று ஒருவரே அரை லிட்டரைக் குடித்துவிட்டால் அன்றைய கணக்கு அங்கேயே தாண்டிவிடும். பாக்கெட்டின் நிறத்தை மாற்றுவதுதான் இந்தக் கட்டுரையிலேயே சுலபமான வேலை.

தேங்காய். 100 கிராம் துருவலில் கிட்டத்தட்ட 30 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. காலையில் சட்னி, மதியம் பொரியலில் தூவல், இரவு குருமா என்று போனால் கூட்டிப் பாருங்கள். சுத்தமாக விடச் சொல்லவில்லை. இட்லிக்கு வாரத்தில் ஐந்து நாள் தக்காளி, மல்லி, புதினா, பீர்க்கங்காய்த் தோல் சட்னி, இரண்டு நாள் தேங்காய் என்று வையுங்கள். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, செக்கில் ஆட்டினாலும் அது மாறாது. கன்னியாகுமரிப் பக்கத்து நண்பர்களுக்கு இது வருத்தமாக இருக்கும், ஆனால் எல்.டி.எல். ஏறியவர்கள் அன்றாடச் சமையலுக்கு அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எண்ணெய். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி, தவிட்டு எண்ணெய் எதுவானாலும் சரி, இரண்டை மாற்றி மாற்றி வாங்கலாம். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு பாதிக்குச் சற்றுக் குறைவு, கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. விலை வித்தியாசம் பெரிதுதான், தெரியும். அதனால் மொத்த எண்ணெயைக் குறைத்து, மிச்சமாகும் காசில் கடலை எண்ணெய் கலந்து வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எண்ணெய் பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது.

அளவை எப்படிக் கண்காணிப்பது? தாளிக்கும்போது ஸ்பூனால் அளப்பது நான்கு நாளைக்கு மேல் நடக்காது. மாதம் ஒன்றாம் தேதி மொத்த எண்ணெயையும் ஒரே தூக்கில் ஊற்றி, மேலே தேதி எழுதிய ஒரு பேப்பரை ஒட்டிவிடுங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 3 லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 23 கிராம் வரும், இரண்டரை என்றால் 19. பத்தாம் தேதி தூக்கு பாதிக்குக் கீழே போயிருந்தால் எங்கே போகிறது என்று அன்றே பேசலாம், பெரும்பாலும் தோசைக்கல்லும் ஞாயிற்றுக்கிழமை அப்பளமும்தான். சமைப்பவர் வேறொருவராக இருந்தால் அவரோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைச் சேர்ந்து போடுங்கள். உங்களுக்கு மட்டும் தனிச் சமையல் என்று அம்மாவையோ மனைவியையோ இரண்டு அடுப்பு எரியவைத்தால் அது ஒரு மாதம்கூடத் தாங்காது, வீடே மாறுவதுதான் நிலைக்கும்.

பேக்கரி. பப்ஸ், கிரீம் பன், பிஸ்கட், ரஸ்க். டிரான்ஸ் கொழுப்பை (வனஸ்பதி மாதிரி கெட்டியாக்கிய எண்ணெயில் இருப்பது) 2 சதவீதத்துக்குள் வைக்கவேண்டும் என்று இந்தியாவில் 2022 முதல் சட்டம் இருக்கிறது, இருந்தாலும் அதன் இடத்தில் பெரும்பாலும் பாமாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் போடும் கடை பஜ்ஜி, வடையும் இந்தக் கணக்கில்தான். செய்தித்தாளில் ஒற்றி எடுத்தால் உள்ளே ஊறிய எண்ணெய் போகாது.

அசைவத்தில் ஆட்டுக்கறி, ஈரல், குடல் இவற்றை எப்போதாவது என்று ஆக்குங்கள். தோல் நீக்கிய கோழி பரவாயில்லை. மீன் நல்லது, அதிலும் மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி. வஞ்சிரம் வாங்கத் தேவையே இல்லை, மலிவான மீனில்தான் ஒமேகா 3 அதிகம். வாரம் இரண்டு நாள், பொரிக்காமல் குழம்பாக.

4. டிரைகிளிசரைடு ஏறியிருந்தால்: தட்டைப் பாருங்கள்

சோறு, சர்க்கரை, மது. இந்த மூன்றும்தான் முக்கியக் காரணம். எண்ணெயே இல்லாமல் சாப்பிட்டாலும் குவித்த சோறும் ரசமும் மோரும் என்று மூன்று முறை போட்டுக்கொண்டால் கல்லீரல் அந்த மாவுச்சத்தைக் கொழுப்பாக்கி அனுப்பும். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மீதிக் கால் பங்குதான் சோறு. முதலில் காயைப் பரிமாறிவிட்டு, மிச்ச இடத்தில் சோறு வைத்தால் இது தானாக வரும். இரவு இட்லியை நான்கிலிருந்து இரண்டாக்கி ஒரு கிண்ணம் சாம்பார்ப் பருப்பும் காயும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுதானியம் நல்லதுதான், ஆனால் ராகி மாவில் கூழ் காய்ச்சி இரண்டு சொம்பு குடித்தால் அதுவும் மாவுச்சத்துதான்.

பழச்சாறு வேண்டாம், பழம் போதும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே இந்த விஷயத்தில் சர்க்கரையின் கணக்குதான். மது குடிப்பவர்கள் முதலில் அதை நிறுத்திப் பாருங்கள், சில வாரங்களிலேயே எண் இறங்குவது தெரியும். உடல் எடை கூடுதலாக இருந்து அதில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலும் டிரைகிளிசரைடு நன்றாக இறங்கும். 500க்கு மேல் இருந்தால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு, அதற்கு டாக்டரிடம் உடனே போக வேண்டும்.

5. சேர்க்க வேண்டியவை

விடுவதைப் பற்றியே பேசினால் சாப்பாட்டு மேசை சோகமாகிவிடும். கரையும் நார்ச்சத்து எல்.டி.எல்.லைக் குறைக்கும், பெரிய அளவில் இல்லை, 5 சதவீதத்தை ஒட்டி. ஓட்ஸ், பார்லி, கொள்ளு, ராஜ்மா, வெண்டைக்காய், கத்தரிக்காய், கொய்யா. ஓட்ஸ் என்றால் சாதா ஓட்ஸ், மசாலா பாக்கெட்டில் உப்பு அதிகம். இசப்கோல் ஒரு ஸ்பூன் நிறையத் தண்ணீரில் கலந்து குடிக்கலாம், ஆனால் தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, வறுத்ததோ வேகவைத்ததோ, உப்பில்லாமல். உப்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைத்தாலே பாதி வழி வந்துவிடும்.

6. நடை

வாரம் 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். மொத்தமாக முடியாதவர்கள் சாப்பிட்ட பின் பத்துப் பத்து நிமிடமாகப் பிரிக்கலாம், அதற்கும் பலன் உண்டு. வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது மாதிரி தசைப் பயிற்சி சேர்த்துக்கொள்ளுங்கள். நடையால் எல்.டி.எல். கொஞ்சம்தான் இறங்கும். டிரைகிளிசரைடு, பி.பி., சர்க்கரை, தூக்கம் இவற்றில்தான் அதன் பலன் தெரியும், அதனால் எல்.டி.எல்.லைப் பார்த்துவிட்டு நடையை நிறுத்தாதீர்கள். நாற்பது தாண்டி, சர்க்கரையோ பி.பி.யோ இருந்தால் ஓட்டம், ஜிம் ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

7. புகையிலை

சிகரெட், பீடி, வாயில் அடக்குவது எல்லாமே. மேலே சொன்ன அனைத்தையும் செய்துவிட்டு இதை வைத்துக்கொண்டால் இதயத்துக்குப் பாதுகாப்பு வராது. நிறுத்தி ஒரு வருடத்தில் புகையால் கூடியிருந்த இதய ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. தனியாக முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற அரசின் இலவச உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

8. மாத்திரையைப் பற்றி நேராகப் பேசுவோம்

உணவும் நடையும் சேர்ந்து எல்.டி.எல்.லைப் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம் குறைக்கும். கொலஸ்ட்ராலைக் குறைக்க எழுதும் ஸ்டாட்டின் வகை மாத்திரை டோஸைப் பொறுத்து 30 முதல் 50 சதவீதம். கணக்குப் போடுங்கள்: எல்.டி.எல். 125, வேறு ஆபத்து இல்லை என்றால் மூன்று மாத முயற்சியில் 100ஐத் தொட்டுவிட வாய்ப்பு உண்டு. எல்.டி.எல். 150, சர்க்கரை உண்டு, இலக்கு 70 என்றால் கீரையாலும் நடையாலும் மட்டும் அங்கே போக முடியாது. அது உங்கள் மனவுறுதியில் உள்ள குறை இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள்.

இந்த வகையில் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டும்தான் அதிகம் எழுதப்படுபவை, நாளின் எந்த நேரத்திலும் சாப்பிடலாம். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் போன்ற இடங்களில் ஜெனரிக் வாங்கினால் பொதுவாக மாதம் நூறு ரூபாய்க்குள் அடங்கும். சீட்டில் உள்ள மூலப்பெயரும் மில்லிகிராமும் அட்டையில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். தசை வலி வந்தால் சத்தமில்லாமல் நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், டோஸோ மருந்தோ மாற்றலாம். சிறுநீர் கறுத்து, வலி கடுமையாக இருந்தால் அன்றே போக வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் டாக்டரிடம் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அதிகம் பேர் விழும் பள்ளம் எது தெரியுமா? எண் நார்மலுக்கு வந்ததும் குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது. சில வாரங்களிலேயே பழைய அளவுக்கு ஏறிவிடும். இன்னொன்று, 'அடைப்பு கரையும்' என்று விற்கும் சூரணங்களும் டிரிப் ஏற்றும் சிகிச்சைகளும். ஆஞ்சியோ தேவைப்படுகிறவர் இவற்றை நம்பி மாதங்களைத் தொலைப்பதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை. பூண்டைச் சமையலில் தாராளமாகப் போடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

9. மறுபரிசோதனை

உணவு மாற்றத்துக்கு 8 முதல் 12 வாரம் கழித்து, மாத்திரை ஆரம்பித்தால் 4 முதல் 12 வாரத்துக்குள். அதற்கு முன் எடுப்பது வீண் செலவு. அதே லேப், அதே நேரம், முதல்முறை பட்டினியோடு எடுத்திருந்தால் இப்போதும் அப்படியே. தீபாவளி, கல்யாண வாரத்துக்கு அடுத்த நாள் போகாதீர்கள், டெஸ்டுக்காக மூன்று நாள் மட்டும் பத்தியம் இருந்தும் போகாதீர்கள். இலக்கைத் தொட்ட பிறகு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை போதும்.

இலக்குக்கு வரவில்லை என்றால் மூன்று இடத்தில் தேடுங்கள்: பால் பாக்கெட், வெளியே சாப்பிடும் டீக்கடை நேரம், விட்டுப்போன மாத்திரைகள். மூன்றிலும் ஒன்றும் இல்லை என்றால் டாக்டர் டோஸைக் கூட்டுவார் அல்லது எசெட்டிமைப் போல இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார்.

10. வீட்டில் மற்றவர்களுக்கும் பாருங்கள்

2024 இந்திய வழிகாட்டுதல் 18 வயதிலேயே முதல் லிப்பிட் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறது. உங்களுக்கு ஏறியிருந்தால் உடன்பிறந்தவர்களிடம் சொல்லுங்கள். உங்கள் எல்.டி.எல். 190 அல்லது அதற்கு மேல் என்றால் பிள்ளைகளுக்கு அந்த வயது வரும்வரை காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள், போகும்போது உங்கள் ரிப்போர்ட்டின் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.